பதிவு, மூடல், புறக்கணிப்பு: மலாயாவில் சீனப் பள்ளிகளும் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளும் (1920–1957)

ஆய்வுச் சுருக்கம்

பிரிட்டானிய மலாயாவில் 1920ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பள்ளிப் பதிவுச் சட்டம், சீனச் சமூகம் தன் செலவில் நடத்திய பள்ளிகளைக் கண்காணிக்கவும் மூடவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதே நிலத்தில், அதே சட்டத்தின் கீழ் இயங்கிய தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் அத்தகைய ஆணைகளுக்குப் பெரிதும் இலக்காகவில்லை. தமிழ்ப் பள்ளிகள் மூடப்படாமல் இருந்தமை அரசின் ஆதரவைக் காட்டுவதா, அன்றி வேறொரு வகைக் கட்டுப்பாட்டைக் காட்டுவதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பதிவுச் சட்டத்தையும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது, மூடலும் புறக்கணிப்பும் ஒரே கல்விக் கொள்கையின் இரு செயல்முறைகளே என்பது இங்கு நிறுவப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இன்று குடியேறியுள்ள பிறமொழித் தொழிலாளர் குழந்தைகளின் கல்வி பற்றிய சிந்தனைக்கு இவ்வரலாறு எவ்வாறு துணைபுரியும் என்பதும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மலாயா, சீனப் பள்ளிகள், தோட்டத் தமிழ்ப் பள்ளிகள், பள்ளிப் பதிவுச் சட்டம், பார்ன்ஸ் அறிக்கை, புலம்பெயர் தொழிலாளர், தாய்மொழிக் கல்வி

1. முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் தோட்டத் தமிழ்ப் பள்ளியின் அவல நிலையை விரிவாகப் பதிவு செய்துள்ளனர். கூரைக் கொட்டகை, ஒரே ஆசிரியர், மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடிந்துபோகும் படிப்பு என்னும் சித்திரம் நமக்கு நன்கு அறிமுகமானது. இந்நிலைக்குத் தோட்ட முதலாளிகளின் இலாப நோக்கே காரணம் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. இம்முடிவு பிழையானதன்று, எனினும் அது முழுமையானதுமன்று. தமிழ்ப் பள்ளியைத் தனித்து நோக்கும்போது, அக்காலத்துக் காலனிய அரசு கல்வியைப் பற்றிக் கொண்டிருந்த அச்சமும் அந்த அச்சத்திலிருந்து பிறந்த சட்டங்களும் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அந்த அச்சத்தின் முதன்மையான இலக்கு சீனப் பள்ளி. ஆகவே சீனப் பள்ளியின் வரலாற்றை உடன்வைத்துப் பயில்வது தமிழ்ப் பள்ளியின் வரலாற்றுக்கும் இன்றியமையாததாகிறது.

இவ்வாய்வுக்கு ஓர் இடம் சார்ந்த பின்புலமும் உண்டு. மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் நாகப்பட்டினம், ஆவடி ஆகிய இரு முகாம்களின் வழியாகவே பெரும்பாலும் அனுப்பப்பட்டனர். ஆவடி முகாம் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருப்பது. அன்று ஆள் அனுப்பிய நிலப்பகுதி இன்று ஆள் பெறும் நிலப்பகுதியாக மாறியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய ஊர்களின் தொழிற்பேட்டைகளுக்கு ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். கிழக்காசிய நிறுவனங்களின் ஆலைகளில் சீனமும் கொரியமும் ஜப்பானியமும் பேசும் பொறியாளர்களும் பணிபுரிகின்றனர். வேலைக்காக இடம்பெயர்ந்தவரின் குழந்தை எம்மொழியில், எவர் பொறுப்பில் கற்பது என்னும் வினா இவ்வட்டாரத்துக்குப் புதிது. தமிழரின் வரலாற்றுக்குப் பழையது.

2. சீனப் பள்ளி: சமூகத்தின் சொத்து

மலாயாவின் பழைய சீனப் பள்ளிகள் குலச் சங்கங்களாலும் ஊர்ச் சங்கங்களாலும் நடத்தப்பட்டன. ஹொக்கியன், கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என அந்தந்தக் குழுவின் வழக்குமொழியே பயிற்று மொழியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் எழுந்த சீர்திருத்த அலை இந்நிலையை மாற்றியது. 1904இல் பினாங்கில் சுங் ஹுவா கன்பூசியப் பள்ளி தோன்றியது. 1906இல் சிங்கப்பூரில் தாவ் நான் பள்ளி நிறுவப்பட்டது. 1911ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இத்தகைய நவீனப் பள்ளிகள் பெருகின. 1919இல் டான் கா கீ முதலிய வணிகர்களின் முயற்சியால் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. வழக்குமொழிகளின் இடத்தை மாண்டரின் படிப்படியாகப் பெற்றது.

இப்பள்ளிகளின் அமைப்பில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, நிதி சமூகத்தினுடையது. வணிகர் நன்கொடையும் மாணவர் கட்டணமும் பள்ளியை நடத்தின. இரண்டாவது, நிருவாகம் உள்ளூர் நிருவாகக் குழுவினுடையது. மூன்றாவது, ஆசிரியரும் பாடநூலும் சீனாவிலிருந்து வந்தவை. ஷாங்காய் அச்சகங்களின் நூல்களே வகுப்பறையில் பயன்பட்டன. நீண்ட காலம் காலனிய அரசு இப்பள்ளிகளுக்கு எதையும் கொடுக்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. கொடாமையிலிருந்து கேளாமை பிறந்தது எனலாம். இந்த ஒதுங்கிய நிலை 1919இல் முடிவுக்கு வந்தது.

3. 1920ஆம் ஆண்டுச் சட்டம்

1919 மே மாதம் பெய்ஜிங்கில் தொடங்கிய மாணவர் எழுச்சி அடுத்த சில வாரங்களில் மலாயா நகரங்களை எட்டியது. ஜூன் மாதத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஜப்பானியப் பொருள் மறுப்புக் கிளர்ச்சிகள் நிகழ்ந்தன. அவற்றில் ஆசிரியரும் மாணவரும் பங்கேற்றதை அதிகாரிகள் கண்டனர். அதுவரை கணக்கில் வராத சீனப் பள்ளி அரசியல் ஆபத்தாக அரசின் பார்வையில் உருவெடுத்தது.

1920இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றம் பள்ளிப் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களும் அதே ஆண்டில் அதனை ஒத்த சட்டத்தை இயற்றின. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் முறையாகக் கற்பிக்கப்படும் எந்த இடமும் பள்ளியெனக் கொள்ளப்பட்டது. பள்ளியும் அதன் நிருவாகியும் ஆசிரியரும் தம்மைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். கல்வி அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிடலாம். அரசின் நலனுக்குக் கேடான அரசியல் பிரசாரம் நடைபெறுவதாகக் கருதினால் பள்ளியைச் சட்டவிரோதமானதென அறிவிக்கலாம். பள்ளிகள் ஒழுங்காக நடைபெறல், ஆசிரியர் தகுதியுடையோராக இருத்தல், தீங்கான அரசியல் கருத்துகள் புகாமல் தடுத்தல் ஆகியன சட்டத்தின் நோக்கங்களாகக் கூறப்பட்டன.

சட்டத்தின் வாசகத்தில் சீனர் என்னும் சொல் மையமாக இடம்பெறவில்லை. அது எல்லாப் பள்ளிகளையும் குறித்தது. எனினும் அரசின் உதவியோ மேற்பார்வையோ இன்றிப் பெருந்தொகையில் இயங்கியவை சீனப் பள்ளிகளே ஆதலால், அதன் இலக்கு யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. சீன வணிகர் சங்கங்களும் ஆசிரியர்களும் கூட்டங்கள் நடத்தினர், விண்ணப்பங்கள் அனுப்பினர். எதிர்ப்பின் முன்னணியில் நின்ற சிலர் நாடு கடத்தப்பட்டனர். சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் பள்ளியின் நிறுவனருள் ஒருவரான சுவாங் சிசுவான் அவ்வாறு வெளியேற்றப்பட்டவருள் ஒருவர்.

இங்குச் சட்டத்தின் செயல்முறையை நுணுகி நோக்க வேண்டும். பதிவு செய்தல் என்பது தோற்றத்தில் நடுநிலையான நிருவாகச் செயல். சுகாதாரமற்ற கட்டடத்திலும் தகுதியற்ற ஆசிரியரிடமும் குழந்தைகள் சிக்காமல் காக்க அது பயன்படக்கூடும். சில நேர்வுகளில் பயன்பட்டதும் உண்டு. ஆனால் பதிவை மறுக்கவும் நீக்கவும் உரிய அதிகாரம் அதே அலுவலரிடம் இருந்தது. ஆகவே கல்விக் காரணத்திற்காக மூடுவதற்கும் அரசியல் காரணத்திற்காக மூடுவதற்கும் இடையிலான வேறுபாடு ஆணையின் மொழியில் மறைந்துபோகும் வாய்ப்பு சட்டத்திலேயே அமைந்திருந்தது.

4. மூடலும் மானியமும் (1923–1941)

1920களின் முற்பகுதியிலிருந்து அரசு சீனப் பள்ளிகளுக்கு மானியம் அளிக்க முன்வந்தது. மானியத்தை ஏற்கும் பள்ளி ஆய்வாளரின் நிபந்தனைகளையும் ஏற்க வேண்டியிருந்தது. பல பள்ளிகள் தயங்கின, சில ஏற்றன. இதனால் அரசின் கையில் இரு கருவிகள் அமைந்தன: இணங்கும் பள்ளிக்கு மானியம், இணங்காத பள்ளிக்குப் பதிவு நீக்கம்.

இரண்டாம் கருவி கடுமையாகப் பயன்பட்ட தருணம் 1927. அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் சுன் யாட் சென் நினைவு நாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூர் கிரேத்தா ஆயர் காவல் நிலையத்தின் முன் காவலர் சுட்டதில் ஆறு பேர் இறந்தனர். ஊர்வலத்தில் இரவுப் பள்ளிகளைச் சேர்ந்தோர் கணிசமாகப் பங்கேற்றிருந்தனர். பகலில் உழைத்து இரவில் எழுத்துக் கற்ற கூலித் தொழிலாளரும் கடைப் பணியாளருமே இப்பள்ளிகளின் மாணவர். இடதுசாரித் தொடர்புடையவை எனக் கருதப்பட்ட இரவுப் பள்ளிகள் தொடர்ந்து மூடப்பட்டன. வயது வந்த தொழிலாளியின் எழுத்தறிவே முதலில் பறிபோனது என்பது கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்கது.

1930 முதல் 1934 வரை ஆளுநராக இருந்த சிசில் கிளமென்டியின் காலத்தில் கோமிந்தாங் கட்சியின் செயற்பாடுகள் ஒடுக்கப்பட்டன. சீனாவிலிருந்து வந்த பாடநூல்கள் தணிக்கைக்கு உள்ளாயின. மலாய்மொழிக் கல்விக்கு மட்டுமே அரசு பொறுப்பேற்கும் என்னும் நிலைப்பாடு அக்காலத்தில் வலுப்பெற்றது. பிற மொழிப் பள்ளிகளின் செலவை அந்தந்தச் சமூகமே ஏற்கட்டும் என்னும் இக்கொள்கை சீனப் பள்ளியை மட்டுமன்றித் தமிழ்ப் பள்ளியையும் தாக்கியது. ஆயினும் சீனச் சமூகத்திடம் செலவை ஏற்க வணிகர் இருந்தனர். தமிழ்த் தொழிலாளரிடம் அத்தகைய வணிக வகுப்பின் பெருந்துணை இல்லை.

5. தோட்டத் தமிழ்ப் பள்ளி: முதலாளியின் சொத்து

மலாயாவில் முறையான தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. எனினும் அதன் பெரும்பரப்பு இரப்பர்த் தோட்டங்களின் பெருக்கத்தோடு உருவானது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பத்துக் குழந்தைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கும்படி முதலாளியைப் பணிக்க வழி செய்தது. 1938அளவில் கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் மட்டும் 500க்கும் மேற்பட்ட தோட்டப் பள்ளிகள் இருந்தன.

பதிவுச் சட்டத்திலும் தொழிலாளர் சட்டத்திலும் பத்து என்னும் எண் இடம்பெறுவது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அவ்வெண் இரு சட்டங்களிலும் ஆற்றும் பணி வேறு. முன்னதில் பத்து மாணவர் கூடினால் அரசின் கண்காணிப்புத் தொடங்குகிறது. பின்னதில் பத்துக் குழந்தைகள் இருந்தால் முதலாளியின் கடமை தொடங்குகிறது. சீனக் குழந்தையின் கல்வி காவல் சார்ந்த பொருளாகவும், தமிழ்க் குழந்தையின் கல்வி கூலிச் சந்தை சார்ந்த பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டதை இவ்வேறுபாடு காட்டுகிறது. பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்தில் தங்கும் என்பதே தொழிலாளர் சட்டத்தின் கணக்கு. கல்வியின் தரம் பற்றிய கணக்கு அதில் மிகக் குறைவு.

தோட்டப் பள்ளியின் அன்றாட நிலை இதனை உறுதிசெய்கிறது. தொடக்கத்தில் கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக இருப்பது வழக்கம். விடியற்காலைப் பெரட்டில் பெற்றோருடன் நின்று வேலைக்குச் சென்ற பிள்ளைகள் வேலை முடிந்த பின்னரே வகுப்புக்கு வந்தனர். பாடநூல்கள் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தன. அதாவது, சீனப் பள்ளியைப் போலவே தமிழ்ப் பள்ளியும் கடல் கடந்த பாடநூலையே பயன்படுத்தியது. சீனப் பள்ளியின் நூல் அரசுக்கு அச்சமூட்டியது. தமிழ்ப் பள்ளியின் நூல் அத்தகைய அச்சத்தை எழுப்பவில்லை. ஆகவே வெளிநாட்டுப் பாடநூல் என்பது மட்டுமே மூடலுக்குக் காரணம் என்னும் விளக்கம் நிலைபெறாது.

தோட்டப் பள்ளியின் கட்டடமும் நிலமும் முதலாளியுடையவை. ஆசிரியர் அவரது ஊதியம் பெறுபவர். குடியிருந்த வீடும் அவருடையதே. விரும்பாத ஆசிரியரை அகற்றத் துரைக்குப் பதிவுச் சட்டம் தேவைப்படவில்லை. வேலை நீக்கமே போதுமானது. வெளியார் தோட்டத்தினுள் நுழைவதை அத்துமீறலாகக் கொள்ளும் உரிமையும் அவரிடம் இருந்தது. சீனப் பள்ளியை மூட அரசின் ஆணை வேண்டும். தமிழ்ப் பள்ளியைச் செயலற்றதாக்கத் தோட்ட அலுவலகத்தின் ஒரு சொல் போதும். தமிழ்ப் பள்ளிகள் மூடல் ஆணைகளைப் பெரிதும் எதிர்கொள்ளாமைக்கு இவ்வமைப்பே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். குடும்பங்கள் வெளியேறிய தோட்டங்களில் வகுப்புகளும் வெறுமையாயின. இவ்வகை மூடலுக்கு ஆணை இல்லை, எதிர்ப்புக் கூட்டம் இல்லை, விண்ணப்பமும் இல்லை.

6. கிள்ளான் 1941: ஒரு சோதனைத் தருணம்

தமிழ்த் தொழிலாளர் தம் குழந்தைகளின் கல்வியைப் பொருட்படுத்தவில்லை என்னும் கூற்று காலனிய அதிகாரிகளின் எழுத்துகளில் அவ்வப்போது தோன்றுவது. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் இதற்கு மறுப்பாக அமைகிறது. சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய இவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடுதல், கொடுமை செய்யும் கிராணிகளை அகற்றுதல், துரைமார் முன் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல், உறவினரும் நண்பரும் தோட்டத்தினுள் வர அனுமதித்தல் ஆகியவற்றோடு குழந்தைகளுக்கு முறையான கல்வி என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது.

வெளியார் வருகை, கல்வி ஆகிய இரண்டும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது பொருள் பொதிந்தது. தோட்டத்தின் மூடிய எல்லையே பள்ளியின் வறுமைக்கும் காரணம் என்பதைத் தொழிலாளர் உணர்ந்திருந்தனர். இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது; தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். 1920இல் சீன ஆசிரியர்க்கு நேர்ந்தது 1941இல் தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்க்கும் நேர்ந்தது. தமிழரிடமிருந்தும் அச்சம் எழுந்தவுடன் அரசு அதே கருவியை எடுத்தது என்பதை இங்குக் காணலாம்.

அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சீனச் சமூகம் படுகொலைகளுக்கு உள்ளானது. தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இரு சமூகங்களின் பள்ளிகளும் சிதைந்தன.

7. பிற காலனிகளோடு ஒப்பீடு

மலாயாவின் சட்டம் தனித்த நிகழ்வன்று. ஹாங்காங் அரசு 1913இலேயே பள்ளிகளைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டுப் புரட்சியின் எதிரொலி அதிலும் உண்டு. அங்கு 1949இல் தா தே கல்லூரியின் பதிவு நீக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டுக் கலவரக் காலத்தில் சுங் வா நடுநிலைப் பள்ளி மூடப்பட்டது. டச்சு இந்தியத் தீவுகளில் 1932இல் அரசு அனுமதியற்ற தனியார் பள்ளிகளுக்கு எதிரான ஆணை பிறந்தது. தாமன் சிஸ்வா பள்ளிகளின் நிறுவனர் கி ஹஜார் தேவாந்தரா அதனை எதிர்த்து நின்றார். பல கட்சிகளும் துணை நின்றதால் அரசு அடுத்த ஆண்டே பின்வாங்கியது. காலனியாட்சிக்கு உட்படாத சயாமிலும் 1930களின் இறுதியில் சீனப் பள்ளிகள் பெருமளவில் மூடப்பட்டன.

இவ்வொப்பீடு இரு முடிவுகளைத் தருகிறது. சிறுபான்மைப் பள்ளியை மூடும் விழைவு காலனியாட்சிக்கு மட்டும் உரியதன்று. தேசிய அரசும் அதனைக் கைக்கொள்ளும். அடுத்து, எதிர்ப்பின் வெற்றி பெரும்பாலும் பல சமூகங்களின் கூட்டில் தங்கியிருக்கிறது. டச்சுத் தீவுகளில் அக்கூட்டு அமைந்தது. 1920இல் மலாயாச் சீனர் தனித்து நின்றனர். தமிழ்ச் சமூகம் அச்சட்டத்தைத் தனக்குரிய பொருளாகக் கருதவில்லை.

8. பார்ன்ஸ் அறிக்கையும் அதன் பின்னும்

1948இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டபின் சீனப் பள்ளிகள் மீண்டும் கண்காணிப்பின் மையத்துக்கு வந்தன. 1950இல் சிங்கப்பூரின் சீன உயர்நிலைப் பள்ளியும் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் காவல் துறைச் சோதனைக்குப்பின் சில காலம் மூடப்பட்டன. ஆனால் இக்காலத்தின் பெரிய மாற்றம் தனிப்பள்ளிகளை மூடுவதிலன்று. மொழிவழிப் பள்ளி என்னும் வகையையே நீக்கும் திட்டத்தில் இருந்தது.

1951இல் வெளியான பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்று மொழிகளாக அமையும் தேசியப் பள்ளியைப் பரிந்துரைத்தது. சீன, தமிழ்ப் பள்ளிகள் காலப்போக்கில் அதனுள் கரைய வேண்டும் என்றது. குழுவில் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் இருந்தனர். சீனரோ இந்தியரோ இல்லை. சீனர் எதிர்ப்பைத் தொடர்ந்து ஃபென்–வூ அறிக்கை அதே ஆண்டில் வந்தது. சீனப் பள்ளிகள் நீடிக்க வேண்டும் என அது வாதிட்டது. 1952ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பார்ன்ஸ் வழியையே பெரிதும் தழுவியது. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ ஒரு பாடமாகக் கற்பிக்கப்படலாம் என்னும் அளவுக்குத் தாய்மொழி சுருங்கியது.

இம்முறை தமிழரும் தாக்கப்படும் இடத்திலேயே நின்றனர். சீன ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு 1951 டிசம்பரில் தோன்றியது. லிம் லியன் கியோக் அதன் முதன்மைக் குரலானார். நிதித் தட்டுப்பாட்டினாலும் எதிர்ப்பினாலும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை சீன, தமிழ்த் தொடக்கப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறையினுள் ஏற்றுக்கொண்டது. சீனரின் அமைப்புவழிப் போராட்டம் ஈட்டிய இடத்தில் தமிழ்ப் பள்ளியும் அமர்ந்தது.

சிங்கப்பூரில் இவ்வுறவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1955ஆம் ஆண்டுச் சீன மாணவர் கிளர்ச்சிக்குப்பின் அமைக்கப்பட்ட அனைத்துக் கட்சிக் குழு, 1956இல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சீன உயர்நிலைப் பள்ளியும் சுங் செங் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டன. அதனையடுத்த கலவரத்தில் 13 பேர் இறந்தனர். சம உரிமைப் பரிந்துரையும் மூடலும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை கருதத்தக்கது. தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் பெற நிதி திரட்டியதும் இக்காலச் சூழலில் வைத்து நோக்கத்தக்கதே.

9. ஆணையின்றி நிகழ்ந்த மூடல்

மலாயா விடுதலை பெற்ற 1957இல் அங்கு 888 தமிழ்ப் பள்ளிகளும் 50,766 மாணவரும் இருந்ததாகப் புள்ளிவிவரம் கூறுகிறது. இன்று அப்பள்ளிகள் ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டமை, செம்பனையின் வருகை, நகர்ப்புறக் குடிபெயர்வு ஆகியன இக்குறைவின் காரணங்கள். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இவற்றில் எதையும் காவலர் வந்து மூடவில்லை.

சீனரின் நிலை வேறு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைப் பள்ளிகளின் மொழியை மாற்றக் கட்டாயப்படுத்தியபோது, மானியத்தைத் துறந்து தனித்து நிற்கச் சில சீனப் பள்ளிகள் முடிவெடுத்தன. 60க்கும் மேற்பட்ட தனியார் சீன இடைநிலைப் பள்ளிகள் இன்றும் மலேசியாவில் இயங்குகின்றன. லிம் லியன் கியோக்கின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஆனால் அவர் சார்ந்த அமைப்பு நிலைத்தது. தமிழுக்கு அத்தகைய இடைநிலைப் பள்ளி அமையவில்லை. நாற்பதாண்டு ஒடுக்குமுறை சீனப் பள்ளியைச் சுற்றி நிருவாகக் குழு, ஆசிரியர் சங்கம், நிதி ஆகியவற்றை வலுப்படுத்தியது. அதே நாற்பதாண்டுப் புறக்கணிப்பு தமிழ்ப் பள்ளியைச் சுற்றி எதையும் உருவாக்கவில்லை. மூடல் நன்மை தந்தது என்பது இதன் பொருளன்று. பள்ளி எவருடைய உடைமையாக இருந்தது என்பதே அதன் பிற்காலத்தைத் தீர்மானித்தது.

ஆய்வு முறை சார்ந்த ஒரு கருத்தும் இங்குக் கூறற்பாலது. மூடல் ஓர் ஆவணத்தை விட்டுச் செல்கிறது. ஆணை, அதன்மீதான விண்ணப்பம், காவல் துறைக் குறிப்பு, செய்தித்தாள் விவாதம் ஆகியன ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. ஆசிரியர் விலகியபின் நிரப்பப்படாத இடமும், மழைக்காலத்தில் ஒழுகி நின்றுபோன வகுப்பும் கோப்பாவதில்லை. ஆகவே மூடல் ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒடுக்குமுறையை அளக்கும் ஆய்வு, தமிழர் நிலையைச் சீனர் நிலையைவிட மேலானதாகக் காட்டிவிடும். வாய்மொழி வரலாறு, தோட்டக் கணக்கேடு, வேலைநிறுத்தக் கோரிக்கைகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வதே இப்பிழையைத் தவிர்க்கும் வழி.

10. ஒரகடத்திலிருந்து நோக்குதல்

தோட்ட முதலாளியே பள்ளி நடத்த வேண்டும் என்னும் முறை இந்தியாவிலும் தொடர்ந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்யும்படி முதலாளியைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆலைகளுக்கு இத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகள் காப்பகத்தைக் கூறியது, பள்ளியைக் கூறவில்லை. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம் தங்குமிடம், மருத்துவ வசதி, பயணப்படி ஆகியவற்றைப் பேசியது. குழந்தைகளின் கல்வியைப் பேசவில்லை.

ஆகவே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஒடியா பேசும் தொழிலாளியின் குழந்தைக்குக் கல்வி தரும் கடமை முழுவதும் அரசினுடையது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அதனை உறுதிசெய்கிறது. முதலாளியின் தயவில் பள்ளி அமைவதைவிட இது மேலான நிலை என்பதைத் தோட்டப் பள்ளி வரலாறு தெளிவாக்குகிறது. இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக வேண்டும் என அச்சட்டத்தின் 29ஆம் பிரிவும், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி செய்ய வேண்டும் என அரசமைப்பின் 350அ பிரிவும் கூறுகின்றன. மறுபுறம், ஏற்பிசைவு பெறாத பள்ளி இயங்கக்கூடாது எனக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு விதிக்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. தொழிலாளர் குடியிருப்பில் எவரேனும் தம் மொழியில் முழுநேரப் பள்ளி தொடங்கினால் அப்பிரிவு அவருக்கும் பொருந்தும்.

இப்பிரிவும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றென்று கூறுவது பொருந்தாது. முன்னது குழந்தையின் உரிமையை மையமாகக் கொண்டது. நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது. ஆயினும் பதிவு, ஏற்பிசைவு ஆகிய கருவிகள் கடமை நிறைவேற்றத்துடன் இணைந்தே நியாயம் பெறுகின்றன. அரசு தான் தர வேண்டியதைத் தராமல், பிறர் தருவதை மட்டும் தடுக்குமாயின் குழந்தைக்கு எஞ்சுவது மலாயாத் தோட்டத்துப் பிள்ளைக்கு எஞ்சியதே.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. 1920ஆம் ஆண்டுப் பள்ளிப் பதிவுச் சட்டம் பொதுச் சட்டமாகத் தோன்றினும் சீனச் சமூகத்தின் அரசியல் எழுச்சியைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. தமிழ்ப் பள்ளிகள் மூடல் ஆணைகளைப் பெரிதும் சந்திக்காமைக்குக் காரணம் அரசின் நல்லெண்ணமன்று. அவை ஏற்கெனவே முதலாளியின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தமையே. தமிழர் கல்வியையும் சமூக உரிமையையும் இணைத்துக் கேட்ட 1941இல் அரசு அவர்கள்மீதும் நாடு கடத்தலைப் பயன்படுத்தியது. 1951க்குப் பின் தமிழ்ப் பள்ளி பெற்ற சட்டப் பாதுகாப்பில் சீனரின் போராட்டத்துக்குக் கணிசமான பங்குண்டு. தமிழர் வரலாறு இக்கடனைப் பதிவு செய்தல் வேண்டும்.

கடல் கடந்து சென்ற தம் மக்களுக்குத் தாய்மொழிப் பள்ளி வேண்டுமெனத் தமிழ்ச் சமூகம் ஒரு நூற்றாண்டுக் காலம் வாதாடியுள்ளது. அவ்வாதத்தின் நேர்மை, நம் ஊருக்கு உழைக்க வந்தவரின் குழந்தைக்கும் அதனை நாம் ஏற்கிறோமா என்பதைப் பொறுத்தது. ஒரகடத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் பள்ளிக்குச் செல்வோர், செல்லாதோர், இடைநின்றோர் ஆகியோரை மொழிவாரியாகக் கணக்கெடுக்கும் கள ஆய்வு இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.